ரெண்டு சுத்து சுத்திட்டு வா!

பத்து வயதுப் பிள்ளை ஒன்று கடலில் தன்னந்தனியாக ஒரு சின்னப் படகில் இருக்கிறது. பந்தயம் மும்முரமாக நடக்கிறது. மிதவையைச் சுற்றித் திரும்பும்போது பாயின் ஓரம் அதன் மேல் லேசாக உரசிவிடுகிறது. கோச் பார்க்கவில்லை, அம்மா அப்பா பார்க்கவில்லை, பக்கத்துப் படகுக்காரனும் தன் கயிறோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறான். அந்தப் பிள்ளை என்ன செய்கிறது தெரியுமா? கூட்டத்தை விட்டு விலகிப் போய் தானாகவே ஒரு முழு வட்டம் அடிக்கிறது. அதற்குள் நான்கைந்து பேர் தாண்டிப் போய்விடுகிறார்கள். முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஓட்டத்தில் சேர்ந்துகொள்கிறது.

கிரிக்கெட்டில் பந்து மட்டையில் பட்டதா இல்லையா என்று கண்டுபிடிக்க எத்தனை கேமரா, எத்தனை கருவி, எத்தனை முறையீடு! இங்கே ஐந்தாம் வகுப்புப் பிள்ளை, கேட்பாரே இல்லாத இடத்தில், தன் தீர்ப்பைத் தானே எழுதிக்கொள்கிறது. இதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. என் அக்கா மகள் ஓட்டுகிறாள் என்று வேடிக்கை பார்க்கப் போனவன், இப்போது சென்னைத் துறைமுகத்தில் சின்னவர்களின் பாய்ப்படகுப் பந்தயம் என்றால் தன்னார்வலர் தொப்பியோடு முதல் ஆளாக நிற்கிறேன். பலரும் பாயின் அழகைப் பாடுவார்கள். பாடட்டும். என்னை மயக்கியது விதிப்புத்தகம்தான்.

படகைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆப்டிமிஸ்ட் என்பது அதன் பெயர். பிள்ளைகள் வாயில் ‘ஆப்டி’. மூக்கு மழுங்கி, சதுரமாக, சலவைத் தொட்டிக்குப் பாய் கட்டிவிட்டது மாதிரி இருக்கும். நீளம் ஏறக்குறைய 2.3 மீட்டர், எடை 35 கிலோ. ஒரே பாய், ஒரே ஆள். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், கிளியர்வாட்டர் என்ற ஊரில், கிளார்க் மில்ஸ் என்ற படகுக் கலைஞர் 1947-இல் வரைந்தது. ஊர்ப் பிள்ளைகள் பலகை வண்டி செய்து சரிவில் ஓட்டிப் பந்தயம் வைப்பதைப் பார்த்து, அதே குதூகலத்தைத் தண்ணீருக்குக் கொண்டுவர வேண்டும், ஒட்டுப்பலகையிலேயே மலிவாகக் கட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்று அவரிடம் கேட்டார்கள். ஐம்பதுகளில் அது டென்மார்க் போய், அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவிவிட்டது. பதினைந்து வயது நிறையும் ஆண்டோடு இந்தப் படகுக்கு விடை சொல்லிவிட வேண்டும். அழுதுகொண்டே விடை சொல்லும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இன்று ஒலிம்பிக்கில் ஓட்டுகிறவர்களில் பெரும்பாலோர் இந்தத் தொட்டியில் உட்கார்ந்து வளர்ந்தவர்கள்தான்.

நம் ஊருக்கும் இந்த விளையாட்டுக்கும் பழைய உறவு. துறைமுகத்தின் தலைவராக இருந்த சர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில், 1911-இல், இன்றைய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் தொடங்கியது. ராட்சதக் கப்பல்களும் கிரேன்களும் நிற்கிற அதே வளாகத்துக்குள், ஒரு மூலையில், ஈரப் பாய்களை உலர்த்திக்கொண்டு பிள்ளைகள் நிற்கிறார்கள். இந்தக் காட்சிக்கே தனியாக டிக்கெட் போடலாம். சென்னைப் பெண் நேத்ரா குமணன் பன்னிரண்டு வயதில் ஒரு கோடை முகாமில்தான் பாய்ப்படகைத் தொட்டார். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்று, ஒலிம்பிக் பாய்ப்படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். அதே ஒலிம்பிக்கில் வேலூர்க்காரர் விஷ்ணு சரவணன், சென்னைப் பையன்கள் கே.சி. கணபதி, வருண் தாக்கர். நான்கு பேரும் நம்மவர்கள்! நம் தெருவில் எத்தனை பேருக்கு இது தெரியும்? சரி, அந்த ஆதங்கம் இருக்கட்டும். பந்தய நாளுக்கு வருவோம்.

காலையில் முதலில் நடப்பது படகுச் சோதனை. நான் ரசித்து ரசித்துப் பார்க்கும் சடங்கு இது. ஒவ்வொரு படகிலும் மூன்று காற்றுப் பைகள் ஊதிக் கட்டியிருக்க வேண்டும். படகு கவிழ்ந்தாலும் மூழ்காது. தண்ணீரை இறைத்துக் கொட்ட ஒரு குவளை வேண்டும். அதுவும் கயிற்றால் கட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கவிழ்ந்த நொடியில் குவளை ஒரு திசை, படகு ஒரு திசை. நடுப்பலகையும் அப்படியே கட்டியிருக்க வேண்டும். பாய்மரம் குழியிலிருந்து பிடுங்கிக்கொண்டு வராதபடி ஒரு கட்டு வேண்டும். முன்னால் எட்டு மீட்டர் நீளத்துக்கு ஒரு கயிறு. அது மிதக்கும் ரகமாக இருக்க வேண்டும். காற்று செத்துப்போனால் மோட்டார் படகு அந்தக் கயிற்றைப் பிடித்து இழுத்துவரும், ஒன்றன் பின் ஒன்றாகப் பத்துப் பதினைந்து படகுகளை. உயிர்காப்பு மேலங்கியில் ஒரு விசில்.

ஒருமுறை சோதிக்கிறவர் ஒரு முடிச்சைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். அவிழ்ந்துவிட்டது. எதிரில் ஒன்பது வயதுப் பையன். அவர் திட்டவில்லை, தானே கட்டியும் கொடுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். பையன் நாக்கைக் கடித்துக்கொண்டு வளையம் போட்டு, நுனியை உள்ளே விட்டு, பின்னால் சுற்றி, மறுபடி உள்ளே விட்டு இறுக்கினான். அவர் மறுபடி வெடுக்கென்று இழுத்தார். நின்றது. தலையசைத்து அடுத்த படகுக்குப் போனார். பின்னால் நின்ற பையனின் அப்பாவுக்குத்தான் கை பரபரத்துப்போயிற்று, பாவம்.

அடுத்தது டாலி பலகை. இதுதான் என் ராஜ்யம். ஒரு பெரிய பலகையில் ஆணி அடித்து, ஒவ்வொரு ஆணியிலும் எண் போட்ட வில்லை தொங்கும். கடலுக்குப் போகிற பிள்ளை தன் வில்லையைத் தானே வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். திரும்பியதும் தானே மாட்ட வேண்டும். அண்ணன் எடுத்துக் கொடுக்கக் கூடாது, அப்பா மாட்டக் கூடாது. மறந்தால் தண்டனைப் புள்ளி. பலகையில் ஓர் ஆணி காலியாக இருந்தால் கடலில் ஒரு பிள்ளை இருக்கிறது என்று பொருள். அதற்கு மேல் விளக்கம் கிடையாது. கணினி இல்லை, செயலி இல்லை. எத்தனையோ பெரிய நிகழ்ச்சிகளில் ‘எல்லாரும் வந்தாச்சா?’ என்று ஒலிபெருக்கியில் தொண்டை வறளக் கத்துகிறார்களே, அவர்களுக்கெல்லாம் இந்தப் பலகையைக் காட்ட ஆசை.

ஒரு சாயங்காலம் எல்லாப் படகும் கரை ஏறிய பிறகும் ஓர் ஆணி காலி. எனக்கு வயிற்றைக் கலக்கியது. வயர்லெஸ்ஸில் மீட்புப் படகைக் கூப்பிட்டோம். இரண்டு படகுகள் மிதவை வரை போய் வந்தன. கடைசியில் அந்த வில்லை கேன்டீனில் ஒரு பெண்ணின் கால்சட்டைப் பையில் இருந்தது. சமோசா பாதி தின்றிருந்தாள். தண்டனைப் புள்ளி போடப்பட்டபோது அவள் எதிர்ப்பே சொல்லவில்லை. மறுநாள் கரைக்கு வந்ததும் பாயைக்கூட இறக்காமல் ஓடிவந்து வில்லையை மாட்டிவிட்டு, ‘அங்கிள், பாத்துக்கோங்க, மாட்டிட்டேன்’ என்று மூன்று முறை சொல்லிவிட்டுப் போனாள்.

இனி கொடிகள். அடடா, கொடிகள்!

மைக் கிடையாது, ‘ரெடி ஸ்டெடி’ கிடையாது. நங்கூரமிட்ட குழுப் படகிலிருந்து கொடியால்தான் பேச்சு. சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட நீளக் கொடி பறந்தால் ‘பொறு’. சென்னையில் காலை வேளையில் பெரும்பாலும் இந்தக் கொடிதான் பறக்கும். நிலக்காற்று ஓய்ந்து, கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடக்கும். பதினொன்று, பன்னிரண்டு மணிவாக்கில் கிழக்கே தண்ணீர் கருநீலமாக நிறம் மாறும். ‘மாமா, வருது, வருது!’ என்பாள் என் அக்கா மகள். எனக்கு ஒன்றுமே தெரியாது. இரண்டு நிமிடத்தில் கடற்காற்று முகத்தில் அறையும். பட்டைக் கொடி இறங்கும். சரியாக ஒரு நிமிடத்தில் புறப்பாட்டுக் கொடிகளின் ஆட்டம் ஆரம்பம்.

ஐந்து நிமிடம் இருக்கும்போது படகு வகுப்பின் கொடி ஏறும், ஓர் ஊதல். நான்கு நிமிடம் இருக்கும்போது ஆயத்தக் கொடி, இன்னோர் ஊதல். ஒரு நிமிடம் இருக்கும்போது ஆயத்தக் கொடி இறங்கும், நீண்ட ஊதல். அப்புறம் வகுப்புக் கொடி இறங்கும், ஊதல், புறப்பாடு. இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விதி ஒன்று உண்டு: கணக்கு கொடிக்குத்தான், ஓசைக்கு இல்லை. ஊதல் தாமதித்தாலும் சரி, ஊதவே மறந்தாலும் சரி, கொடி அசைந்த நொடிதான் நொடி. காற்றடிக்கும் கடலில் ஓசை தூரத்துப் படகுக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேரும். கண்ணுக்கு அந்தப் பாகுபாடு இல்லை. காது கேளாத பிள்ளையும் இந்தப் பந்தயத்தில் எல்லாரோடும் சமமாகப் புறப்படலாம் என்று நினைக்கும்போது அந்த விதியை எழுதினவருக்கு ஒரு மாலை போடலாம் என்று தோன்றுகிறது.

அந்த ஐந்து நிமிடத்தில் என்ன நடக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். படகுக்கு பிரேக் கிடையாது. நாற்பது படகுகள், குழுப் படகுக்கும் ஒரு மிதவைக்கும் இடையே கற்பனையாக இழுத்த ஒரு கோட்டுக்குப் பின்னால், பாயைத் தளர்த்திப் படபடக்க விட்டுக்கொண்டு, அங்குலம் அங்குலமாக நகர்கின்றன. கோட்டின் நீளம் பொதுவாகப் படகுகளின் மொத்த நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு. அப்படியென்றால் நாற்பது ஆப்டிக்குச் சுமார் 140 மீட்டர். பக்கத்தில் இருப்பவனுக்கும் உனக்கும் நடுவே ஒரு முழம் இடம். முன்னால் போனால் கோட்டைத் தாண்டிவிடுவாய். பின்னால் நின்றால் அடுத்தவன் பாய் உன் காற்றைத் தின்றுவிடும். மணிக்கட்டில் கடிகாரம், வாயில் எண்ணிக்கை. முப்பது... இருபது... பத்து... கயிற்றை இழு! நாற்பது பாயும் ஒரே நொடியில் விறைத்து நிமிரும்போது எழும் சத்தம் கேட்டு எனக்கு ஒவ்வொரு தடவையும் மயிர்க்கூச்செறியும்.

ஒன்றிரண்டு பேர் முந்திவிட்டால் வெள்ளையில் நீலச் சிலுவை போட்ட கொடி ஏறும்; முந்தினவர் திரும்பி வந்து மறுபடி கோட்டைக் கடக்க வேண்டும். கூட்டமாக முந்திவிட்டால் நீலக் கரை வைத்த மஞ்சள் முக்கோணம், இரண்டு ஊதல், எல்லாரும் திரும்பு. திரும்பத் திரும்ப இப்படியே ஆனால் வருகிறது பாருங்கள், கறுப்புக் கொடி. அது பறக்கும்போது கடைசி ஒரு நிமிடத்தில் எவன் மூக்கு கோட்டுக்கு முன்னால் தெரிகிறதோ, அவன் அந்தப் பந்தயத்தை விட்டு வெளியே. விசாரணை கிடையாது. கறுப்புக் கொடி ஏறியதும் நாற்பது பிள்ளைகளும் திடீரென்று சாதுவாகிவிடும் அழகு இருக்கிறதே! வீட்டுக்கு ஒரு கறுப்புக் கொடி வாங்கி வைக்கலாமா என்று அக்காகூட கேட்டாள்.

புறப்பட்ட பிறகு வழி விடும் விதிகள். புத்தகம் தடியாக இருந்தாலும் நெஞ்சு ஒன்றுதான்: இடப்பக்கத்திலிருந்து காற்று வாங்கும் படகு, வலப்பக்கத்திலிருந்து காற்று வாங்கும் படகுக்கு ஒதுங்க வேண்டும். அவ்வளவுதான், பெரிய படகு சின்னப் படகு என்ற பேச்சில்லை. போன வருடச் சாம்பியன், நேற்று வந்த பொடியன் என்ற பேச்சும் இல்லை. எட்டு வயதுச் சுண்டெலி ஒன்று தொண்டை கிழிய ‘ஸ்டார்போர்டு!’, அதாவது வலப்பக்கக் காற்று எனக்கு, என்று கத்த, பதினான்கு வயது வாலிபன் சடாரென்று படகைத் திருப்பி அதன் பின்னால் ஒதுங்கிப் போனதைப் பார்த்தேன். நம் ஊர்ச் சாலைச் சந்திப்புகளை நினைத்துக்கொண்டேன். வேறென்ன செய்ய?

காற்று வரும் திசைக்கு நேராக எந்தப் பாய்ப்படகாலும் போக முடியாது. அதனால் முதல் மிதவை வரை எல்லாரும் வெட்டி வெட்டி ஏற வேண்டும். பிறகு காற்றைப் பக்கவாட்டில் வாங்கி இரண்டாவது மிதவை. அங்கிருந்து காற்றோடு இறங்கி, மறுபடி ஏறி முடிவுக்கோடு. வெட்டி ஏறும்போது பாதைகள் குறுக்கே குறுக்கே வந்துகொண்டே இருக்கும். தவறு செய்தவன் ஒதுங்கிப் போய் இரண்டு வட்டம் அடிக்க வேண்டும், இரண்டும் ஒரே பக்கமாக. மிதவையை உரசினதற்கு ஒன்று, அடுத்தவன் வழியை மறித்ததற்கு இரண்டு. ‘ரெண்டு சுத்து சுத்திட்டு வா’ என்பது துறைமுகப் பிள்ளைகளிடையே இப்போது பொது வழக்கு. தண்ணீர் பாட்டிலைக் கேட்காமல் எடுத்துக் குடித்தவனிடமும் அதைத்தான் சொல்கிறார்கள்.

நடுவர்கள் தண்ணீரில் அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு விஷயத்துக்காகச் சுற்றி வருவார்கள்: காற்றால் ஓட்டாமல் உடம்பால் ஓட்டுகிறானா என்று பார்க்க. பாயை விசிறிபோல் அடிப்பது, படகைத் தொட்டில் ஆட்டுவது, சுக்கானைத் துடுப்பாக்குவது எல்லாம் கூடாது. கண்டால் ஒரு விசில், மஞ்சள் கொடி, பாய் எண். அங்கேயே இரண்டு வட்டம்.

மற்றபடி தகராறு என்றால் ‘ப்ரொடெஸ்ட்!’ என்று உடனே கத்த வேண்டும். ஆறு மீட்டருக்குக் குறைந்த படகு என்பதால் சிவப்புக் கொடி காட்டத் தேவையில்லை. கரைக்கு வந்து குறித்த நேரத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்புறம் விசாரணை அறை. உள்ளே பெற்றோருக்கு வேலையில்லை. கோச் வாதாட முடியாது. வாதி, பிரதிவாதி, சாட்சி, குறுக்கு விசாரணை எல்லாம் பிள்ளைகளே!

ஒருமுறை எனக்கு அந்த அறைக்குள் போகும் பாக்கியம் கிடைத்தது. காசிமேட்டுப் பையன் ஒருவன், அப்பா விசைப்படகில் போகிறவர், ஆங்கிலம் சரளமாக வராது. மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். ‘அவன் சொல்வதை மட்டும் சொல்லுங்கள், ஒரு வார்த்தையும் சேர்க்காதீர்கள்’ என்று கண்டிப்பாகச் சொல்லியே உட்கார வைத்தார்கள். மேசை மேல் விரல் நீளத்துக்குப் பொம்மைப் படகுகள், ஒரு பொத்தான் மிதவை, காற்றுத் திசைக்கு ஓர் அம்புக்குறி. மிதவையில் உள்பக்கம் தனக்கு இடம் விடவில்லை, அதனால் மிதவையில் மோதினேன், வட்டமும் அடித்தேன் என்பது பையனின் புகார். மிதவையிலிருந்து மூன்று படகு நீளத்துக்குள் முன்படகு நுழையும்போதே பின்னால் வருகிறவனின் மூக்கு அதோடு இணைந்திருந்தால்தான் உள்பக்க இடம் அவனுக்கு உரிமை. ஆப்டிக்கு மூன்று நீளம் என்றால் ஏழு மீட்டர்.

அவன் பொம்மையை நகர்த்தி வைத்தான். தலைமை நடுவர் கேட்டார்: ‘அந்த இடத்தில் உன் மூக்கு அவன் வாலைத் தாண்டியிருந்ததை நீ பார்த்தாயா?’ நான் தமிழில் கேட்டேன். பையன் பொம்மையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். ‘அப்ப நான் மிதவையப் பாத்துனு இருந்தேன் சார். அவன் வாலப் பாக்கல. தாண்டியிருக்கும்னுதான் நெனைக்கிறேன்.’ எனக்கு ‘பார்த்தேன்னு சொல்லுடா’ என்று மனசு துடித்தது. சொன்னதைச் சொன்னபடி சொன்னேன். இணைந்திருந்ததா என்று நியாயமான சந்தேகம் வந்தால் இணையவில்லை என்றே கொள்ள வேண்டும் என்பது விதி. புகார் தள்ளுபடி. தீர்ப்பைக் காரணத்தோடு அவனுக்கு நிதானமாக விளக்கினார்கள். பெரியவர் ஒருவரிடம் பேசும் மரியாதையோடு. வெளியே வந்து பார்த்தால் வாதியும் பிரதிவாதியும் தாழ்வாரத்தில் நான்கு செருப்புகளைத் தரையில் வைத்து நகர்த்திக்கொண்டிருந்தார்கள். ‘இங்க வரச்சொல்லயே நீ உள்ள வந்துட்டிருந்தீனா எடம் உனக்குடா.’

பெற்றோருக்கும் விதி உண்டு. இதைச் சொல்லும்போது எனக்கு ஓர் அற்பச் சந்தோஷம். பந்தயம் நடக்கும்போது வெளியாள் உதவி கூடாது. ஆபத்து, காயம், உடல்நலக் குறைவு என்றால் விலக்கு உண்டு. ‘ரைட்ல போடா, காத்து ரைட்ல இருக்கு’ என்று வேடிக்கைப் படகிலிருந்து கத்தினாலும் அது உதவிதான். ஆயத்தக் கொடி ஏறியதும் கோச் படகுகள் எல்லாம் பந்தயப் பரப்புக்கு வெளியே போய்விட வேண்டும். பெற்றோரும் கோச்சும் ‘ஆதரவாளர்’ என்ற பெயரில் விதிப்புத்தகத்துக்குள் வருகிறார்கள். அவர்கள் எல்லை மீறினால், எச்சரித்தும் கேட்காவிட்டால், பிள்ளையின் புள்ளியிலேயே கை வைக்கலாம். ஒரு தந்தை இந்த விதியை நோட்டீஸ் பலகையில் இரண்டு முறை படித்துவிட்டு வாயைத் தன் தொப்பியால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். பள்ளிக்கூட விளையாட்டு விழாக்களில் இந்த விதியை நாளைக்கே கொண்டுவரலாம்!

இன்னொன்று: காற்று அதிகமாக இருக்கிறது, போகலாமா வேண்டாமா என்ற முடிவு ஓட்டுகிறவருடையது. போட்டி நடத்துகிறவர்கள் ஆபத்து என்று கண்டால் நிறுத்துவார்கள், அது வேறு. ஆனால் போட்டி நடக்கும்போதும் ‘எனக்கு இன்னிக்கு வேணாம்’ என்று ஒரு பிள்ளை கரையிலேயே நின்றால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. என் அக்கா மகள் ஒரு மதியம் அப்படி நின்றாள். அலையைப் பார்த்தாள், பாயைச் சுருட்டினாள், மற்றவர்களின் படகைத் தள்ளிவிடப் போய்விட்டாள். அவளைவிடச் சின்னவர்கள் போனார்கள். அவளுக்கு அதில் எந்த வெட்கமும் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலே, புத்தகத்தின் முதல் விதி. ஜெயிப்பது எப்படி என்று அது சொல்லவில்லை. ஆபத்தில் இருக்கும் யாருக்கும், எந்தப் படகுக்கும், முடிந்த உதவியைச் செய்தே ஆக வேண்டும் என்கிறது. 1988 சியோல் ஒலிம்பிக்கின் பாய்ப்படகுப் போட்டி பூசானில் நடந்தது. கனடாவின் லாரன்ஸ் லெமியூ தன் பந்தயத்தில் இரண்டாவது இடத்தில் போய்க்கொண்டிருந்தார். பலத்த காற்று. வேறு வகுப்பில் ஓடிய சிங்கப்பூர் படகு கவிழ்ந்து இருவர் தண்ணீரில் தத்தளிப்பதைக் கண்டார். வழியை விட்டுத் திரும்பினார், அவர்களைத் தன் படகில் ஏற்றிக்கொண்டார், மீட்புப் படகு வரும்வரை காத்திருந்தார். நடுவர் குழு அந்தப் பந்தயத்தில் அவருக்கு இரண்டாவது இடத்தையே கொடுத்தது. மொத்தத்தில் பதினொன்றாவதாக வந்தார், பதக்கம் இல்லை. ஆனால் ஒலிம்பிக் குழு அவருக்கு பியர் தெ கூபெர்த்தன் பெயரிலான பதக்கத்தை அளித்தது. உதவப் போய் இழந்த இடத்தை ஈடு செய்து கொடுக்கச் சட்டத்திலேயே வழி வைத்திருக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் நான் விழுந்தேன். நல்லது செய் என்று சொல்வதோடு நிற்காமல், செய்தால் உனக்கு நஷ்டம் வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லும் சட்டம்!

புள்ளிக் கணக்கு தலைகீழ். முதலில் வந்தால் ஒன்று, இரண்டாவதாக வந்தால் இரண்டு; குறைந்த மொத்தம் வைத்தவர் வெற்றியாளர். போகாதவருக்கும் நீக்கப்பட்டவருக்கும் போட்டியில் பதிவான படகுகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டி. போதுமான பந்தயங்கள் நடந்துவிட்டால் ஒவ்வொருவரும் தன் மோசமான ஒன்றைக் கழித்துவிடலாம். சாயங்காலம் முடிவுப் பட்டியல் ஒட்டியதும் அதன் முன்னால் நடக்கும் கணக்குப் பாடத்தைக் கேட்க வேண்டும். ‘உன் பதினேழு போயிடும், என் கறுப்புக் கொடி போயிடும், அப்ப நீ இருபத்தி மூணு, நான் இருபத்தி ரெண்டு...’ கணக்கு என்றால் காய்ச்சல் வரும் பிள்ளைகள் இவர்கள்.

குறை இல்லாமல் இல்லை. சொந்தப் படகு, நல்ல பாய் என்று போனால் நடுத்தரக் குடும்பத்துக்குக் கை கடிக்கும். கடலோரத்தில் பிறந்து அலையோடு வளரும் பிள்ளைகள் இன்னும் நிறையப் பேர் இந்தக் கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும். காசிமேட்டுப் பையனைப் பார்த்த பிறகு இதை நான் யாரிடமும் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவன் காற்றைப் பார்ப்பதற்குக் கோச்சுகளே அவனருகில் போய் நிற்கிறார்கள்.

வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு: துறைமுகத்துக்குள் நினைத்த மாத்திரத்தில் நுழைய முடியாது, முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், அடையாள அட்டை இல்லாமல் வாசலுக்கே வர வேண்டாம். தொப்பி, தண்ணீர், முடிந்தால் தொலைநோக்கி. காலையில் காற்றே இல்லை என்று பத்து மணிக்குக் கிளம்பிப் போய்விடாதீர்கள், பட்டைக் கொடி இறங்கும்வரை உட்காருங்கள். வெறுமனே உட்காரப் பிடிக்காதென்றால் டாலி பலகைக்கு வாருங்கள். அங்கே எப்போதும் ஓர் ஆள் குறையும். நான் அக்கா மகளின் புறப்பாட்டைப் பார்க்க ஐந்து நிமிடம் ஓடிப்போக வேண்டியிருக்கும். அந்த ஐந்து நிமிடத்துக்காவது நீங்கள் ஆணிகளைப் பார்த்துக்கொள்ளலாம்.